பிஸ்டன் பேனா இறுகினால்: கழுவுவதா, நிப்பு வழியாக மசகிடுவதா, பின்பக்கம் திறப்பதா?

பின்முனைக் குமிழைத் திருகி மை உறிஞ்சும் பேனாவை நெடுநாள் பயன்படுத்துகிற எவருக்கும், அந்தக் குமிழ் முன்போல் இலகுவாகச் சுழலாமல் விரலை எதிர்க்கத் தொடங்கும் ஒரு கட்டம் வரும். அப்போது செய்யக்கூடியவை நான்கு. தண்ணீரால் நன்றாகக் கழுவிப் பார்த்து அத்தோடு விடலாம். நிப்பைக் கழற்றி முன்வாய் வழியாக மசகு தடவலாம். பின்பக்கத்தைத் திறந்து, மை அறைக்குள் முன்னும் பின்னும் நகரும் பிஸ்டனையே வெளியே எடுத்து மசகிட்டுத் திரும்பப் பொருத்தலாம். எதிலும் கைவைக்காமல் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்கலாம். இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவை, பேனாவின் விலையையோ நம் கைத்திறனையோ வைத்து எடுப்பதைவிட, அந்தப் பேனா எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை வைத்து எடுப்பதே சரியென்று நினைக்கிறேன். பெரும்பாலான பேனாக்களுக்கு முதல் இரண்டு வழிகளே போதும். மூன்றாவதை, பேனாவைச் செய்தவரே அதற்கு இடம் வைத்திருந்தால் மட்டும் நாட வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள, உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்று நாம் காணும் பிஸ்டன் பேனாக்களின் மூலவடிவம், தியோடர் கோவாச் என்ற பொறியாளரின் அமைப்பை வாங்கி ஜெர்மனியின் பெலிக்கான் நிறுவனம் 1929இல் வெளியிட்ட பேனாதான். குமிழைத் திருகும்போது அது சற்றே பின்னோக்கி நகர்கிறது; அதே நேரத்தில், சுழலாதபடி தடுத்து வைக்கப்பட்டிருக்கும் பிஸ்டன் தண்டை உள்மரை முன்னோக்கித் தள்ளுகிறது. சில சுற்றுகளிலேயே பிஸ்டன் நெடுந்தூரம் போய்வருவது இந்த இரட்டை மரையால்தான். ஆகவே உராய்வு ஏற்படும் இடங்களும் இரண்டு. ஒன்று, பிஸ்டன் தலையின் விளிம்பு மை அறையின் சுவரைத் தொட்டு நகரும் இடம். மற்றொன்று, பின்னால் இருக்கும் மரைகள். முன்வாய் வழியாக எதைச் செய்தாலும் அது முதல் இடத்தை மட்டுமே எட்டும். மரைகளுக்கு மசகு போக வேண்டுமானால் பின்பக்கம் திறந்தாக வேண்டும். நல்வாய்ப்பாக, மை படுவதும், ஒவ்வொரு கழுவலிலும் மசகை இழப்பதும் முதல் இடம்தான். மரைகள் இருக்கும் பகுதி மைக்குப் பின்னால் உலர்ந்தே கிடப்பதால், தொழிற்சாலையில் இட்ட மசகு அங்கே பல ஆண்டுகள் தங்கும்.

குமிழ் இறுகும் விதத்தைக் கவனித்தாலே கோளாறு எங்கே என்பது ஓரளவு தெரிந்துவிடும். சில வாரங்கள் சும்மா கிடந்த பேனாவில் முதல் சுற்று மட்டும் கடினமாகவும் பிறகு எளிதாகவும் இருந்தால், பிஸ்டன் விளிம்பில் மை உலர்ந்து ஒட்டியிருக்கிறது. அதற்குத் தண்ணீர் போதும். ஓட்டம் முழுவதும் ஒரே சீராக இறுக்கமாக இருந்து, நிறுத்தி நிறுத்தி நகர்வதுபோல் தோன்றினால், சுவரில் மசகு தீர்ந்துவிட்டது. பிஸ்டனுக்குப் பின்னால் மை கசிந்து நிறம் தெரிந்தால், தலை தேய்ந்திருக்கலாம், சுருங்கியிருக்கலாம், அல்லது அறைச் சுவரில் கீறல் விழுந்திருக்கலாம். மசகு தடவினால் அந்தக் கசிவு சில நாள் மறையுமே தவிர தீராது. குமிழ் சுழன்றும் பிஸ்டன் நகராமல் போனாலோ, உள்ளே கடகடவென்று தாண்டும் ஓசை கேட்டாலோ மரை தேய்ந்துவிட்டது என்று பொருள்; அது வீட்டில் பார்க்கும் வேலை இல்லை. எந்த நிலையிலும் விரலின் இயல்பான வலுவுக்கு மேல் அழுத்திச் சுழற்றவே கூடாது. துணி சுற்றிக் குறடால் திருகுவது நெகிழித் தண்டை முறிப்பதற்கு நேரான வழி.

முதல் வழியான கழுவுதலைப் பலர் ஒரு பராமரிப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மசகு தீர்ந்துவிட்டதென்று எண்ணப்படும் பேனாக்களில் பல, உண்மையில் மை உலர்ந்து ஒட்டியவைதாம். அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி, முன்முனையை அதிலேயே சில மணி நேரம் ஊறவிட்டு, வெளியேற்றி, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்வதே முறை. கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் உப்பு மிகுந்திருக்கும் ஊர்களில், கடைசியாக ஓரிரு முறையாவது ஆர்.ஓ. தண்ணீரையோ பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரையோ பயன்படுத்துவது நல்லது. இல்லையென்றால் உலர்ந்தபின் சுண்ணாம்புப் படிவு அடிக்கட்டையின் நுண்ணிய வழிகளில் தங்கும். (நிப்புக்கு அடியில் மையைக் கடத்தி வரும், ஃபீட் எனப்படும் பகுதியைத்தான் அடிக்கட்டை என்கிறேன்.) கறை பிடிவாதமாக இருந்தால், ஒரு கோப்பைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி போதும்.

அதற்கும் அசையாவிட்டால், வீட்டு உபயோக அம்மோனியாக் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு என்ற அளவில் கலந்து, காற்றோட்டமான இடத்தில் குறுகிய நேரம் மட்டும் பயன்படுத்தலாம். அம்மோனியா பித்தளையை அரிக்கும். ஆகையால் பித்தளைப் பாகங்கள் உள்ள பேனாவில் அதை ஊறவைத்து விடக்கூடாது, பிறகு நிறையத் தண்ணீரால் அலச வேண்டும். பிளீச்சிங் திரவத்தோடு அது கலக்கவே கூடாது. நச்சு வாயு உண்டாகும். ஸ்பிரிட், அசிட்டோன், சானிடைசர் ஆகியவை பேனாவின் உடலாக அமையும் பல நெகிழிகளைக் கரைத்தோ வெடிக்கவைத்தோ கெடுக்கும். வெந்நீரும் ஆகாது, எபோனைட் எனப்படும் கடின ரப்பரின் நிறம் மங்கும், நெகிழி வளையும், மூட்டுகளில் இட்ட ஒட்டு இளகும்.

இந்த முதல் வழிக்கு ஒரு குறையும் உண்டு. நிறம் மாற்றும் போதெல்லாம் பிஸ்டனை இருபது முப்பது முறை ஓட்டிக் கழுவுகிறவர், ஒவ்வொரு முறையும் சுவரில் இருக்கும் மசகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து வெளியேற்றுகிறார். நிப்பைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சாலோ இங்க் ஃபில்லராலோ மை அறைக்குள் நேரே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் பிஸ்டனை ஓட்ட வேண்டிய தேவையே குறையும். அதற்காக ஒவ்வொரு முறையும் நிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தால் அங்கே உள்ள மரையும் தேயும். எனவே ஒரே மையைத் தொடர்ந்து ஊற்றுகிறவர் பிஸ்டனை மட்டும் சில முறை ஓட்டிக் கழுவிக்கொள்ளலாம். அடர்நிறத்திலிருந்து வெளிர்நிறத்துக்கு மாறும்போதோ, நிறமித்துகள் கொண்ட மையையோ இரும்பு கலந்த நீலக்கருப்பு மையையோ பயன்படுத்திய பிறகோ மட்டும் நிப்பைக் கழற்றுவது பொருத்தமாக இருக்கும். அந்த இரு வகை மைகளையும் பேனாவுக்குள் உலரவிட்டால், பிறகு பிஸ்டனை விடுவிப்பதே பெரும்பாடாகிவிடும்.

இரண்டாவது வழி, நான் பெரிதும் பரிந்துரைப்பது. பெலிக்கானின் எம்200, எம்400, எம்600, எம்800, எம்1000 ஆகியவற்றில் நிப்பும் அடிக்கட்டையும் ஒரே திருகுக் கூட்டாக இருக்கும். முன்முனையைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தபின், நிப்பையும் அடிக்கட்டையையும் மேலும் கீழுமாகச் சேர்த்துப் பிடித்து இடஞ்சுழியாகத் திருகினால் முழுக்கூட்டும் வெளியே வந்துவிடும். நிப்பை மட்டும் பிடித்துத் திருகினால் அது இடம் நகர்ந்து மையோட்டம் கெடும். பிஸ்டனை முழுவதும் பின்னால் இழுத்துக்கொண்டு, அறை நன்றாக உலர்ந்த பிறகு, பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையில் கடுகளவு சிலிக்கோன் கிரீஸை எடுத்து, சுவரின் நடுப்பகுதியில் சுற்றிலும் மூன்று நான்கு புள்ளிகளாகத் தொட்டுவைக்க வேண்டும். அதன்பின் பிஸ்டனை மெதுவாகப் பலமுறை ஓட்டினால், அதன் விளிம்பே மசகை மெல்லிய படலமாக இழுத்துப் பரப்பிவிடும். முன்வாயின் மரையில் மசகு பட்டிருந்தால் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்த பிறகே நிப்பை மாட்ட வேண்டும்.

1966இல் கெர்ட் ஆல்ஃபிரெட் முல்லர் வடிவமைத்த லாமி 2000 பேனாவில் நிப்பு தனியாகத் திருகாது. பிடிப்பகுதியே உடலிலிருந்து திருகிக் கழலும். இணைப்புக்கோடு கண்ணுக்குத் தெரியாதபடி செய்திருப்பதால், அங்கே மூட்டு இருப்பதையே பலர் அறிவதில்லை. அது கழலும்போது, மூடியைப் பிடித்துக்கொள்ள இரு சிறு காதுகளோடு அமைந்திருக்கும் மெல்லிய உலோக வளையமும் கூடவே வரும். தட்டில் வைத்துத்தான் கழற்ற வேண்டும், தரையில் விழுந்தால் தேடுவது கடினம். ஆனால் ஒருமுறை கழற்றியபின் மை அறையின் வாய் அகலமாகத் திறந்துகொள்வதால், பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டுச் சுவர் முழுவதையும் துடைக்கவும் மசகு தடவவும் முடிகிறது. முன்வாய் வழி மசகிடுவதற்கு இதைவிட வாகான அமைப்பை நான் அறியேன்.

இவ்வழியில் இருக்கும் ஒரே ஆபத்து அளவு மீறுவது. சிலிக்கோன் நீரை விலக்கும் தன்மையுடையது. மையும் பெரும்பாலும் நீர்தான். மிகுதியான மசகு மையோடு சேர்ந்து நகர்ந்து அடிக்கட்டையிலோ நிப்பின் பிளவிலோ படிந்தால், அங்கே மை ஒட்டாமல் எழுத்து விட்டுவிட்டு விழும். பாத்திரம் கழுவும் திரவத்தில் பலமுறை அலசினாலும் எளிதில் போகாது. ஒளி ஊடுருவும் உடல் கொண்ட பேனாக்களில், மை சுவரில் வழிந்திறங்காமல் துளித்துளியாக நிற்பதும் மசகு மிகுந்ததற்கு அடையாளம். குறைவாக இட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் மறுமுறை இடுவதில் எந்த இழப்பும் இல்லை.

மூன்றாவது வழியில்தான் பேனாவுக்குப் பேனா வேறுபாடு பெரிதாகிறது. தைவானின் ட்விஸ்பி நிறுவனம் தன் டைமண்ட் 580, ஈகோ பேனாக்களோடு சிறிய ஸ்பேனரையும் ஒரு குப்பி சிலிக்கோன் மசகையும் கொடுத்தே விற்கிறது. பயன்படுத்துகிறவரே பின்பக்கம் திறந்து பிஸ்டனை எடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்டவை அவை. ஈகோவில் நிப்பும் அடிக்கட்டையும் திருகாமல் செருகி நிறுத்தப்பட்டிருப்பதால், அவற்றை இழுத்து எடுத்து முன்வாய் வழியாக மசகிடுவதைவிடப் பின்பக்கம் திறப்பதே எளிது. இப்படிப்பட்ட பேனா வைத்திருப்பவர் தயங்க வேண்டியதில்லை. பிஸ்டன் தலையைத் துடைத்து, அதன் விளிம்பில் மெல்லிய படலமாக மசகிட்டு, தண்டின் மரையிலும் சிறிது தொட்டு, திரும்பப் பொருத்தலாம். பொருத்தும்போது தண்டு மரைக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பது முக்கியம். முன்பிருந்த இடத்தில் அமையாவிட்டால் பிஸ்டன் முன்முனைவரை போகாது, அல்லது குமிழ் முழுவதும் மூடாது. கழற்றுமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது இங்கே மிகவும் உதவும். திரும்ப முடுக்கும்போது, நிற்கும் இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஸ்பேனர் கையில் இருக்கிறதே என்று மேலும் ஒரு திருப்புத் திருப்பினால் நெகிழியில் விரிசல் விழும்.

பெலிக்கானில் நிலைமை வேறு. எம்800, எம்1000 ஆகிய பெரிய பேனாக்களில் பித்தளையால் ஆன பிஸ்டன் அமைப்பு உடலோடு திருகி இணைக்கப்பட்டிருக்கும். தக்க கருவி இருந்தால் கழற்ற முடியும். எம்200, எம்400, எம்600 ஆகியவற்றிலோ நெகிழி அமைப்பு உடலுக்குள் அழுத்திச் செருகப்பட்டிருக்கிறது. முன்பக்கமிருந்து குச்சியால் தள்ளி அதை வெளியேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் செருகிய பிடிப்பு தளரும், தவறினால் உடலே வெடிக்கும். சுவரில் மசகு தீர்ந்ததற்காக இதைச் செய்வது, அடைய வேண்டிய பயனுக்கு மிஞ்சிய துணிச்சல். இவற்றில் நிப்பு எளிதாகக் கழல்கிறது என்பதே, மசகிடும் வழி எது என்பதைச் சொல்லிவிடுகிறது. எம்800 வைத்திருப்பவருக்குங்கூட என் கருத்து அதேதான்: திறக்க முடியும் என்பதற்காகத் திறக்க வேண்டியதில்லை. திறந்தே தீர வேண்டுமென்றால், சில பேனாக்களில் இந்த மரை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வெட்டப்பட்டிருக்கும் என்பதை மனத்தில் வைத்து, அந்த மாதிரிக்கு எந்தப் பக்கம் என்பதை உறுதிசெய்த பின்னரே கருவியை வைக்க வேண்டும். மோன்ட்பிளாங்க் 149 போன்றவற்றுக்குத் தனிக் கருவியும் பழக்கமும் வேண்டும். அவற்றில் வீட்டு வேலை கழுவுவதோடு நிற்பதே முறை.

எந்த மசகு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. தூய சிலிக்கோன் கிரீஸ்தான். அது தண்ணீரில் கரையாது, காற்றுப் பட்டு உலர்ந்து பிசினாகாது, பேனாவில் பயன்படும் நெகிழிகளையும் சாதாரண ரப்பரையும் கெடுக்காது, வெயிலில் உருகி ஓடாது. நீர்புகாக் கைக்கடிகாரங்களின் ரப்பர் வளையத்துக்கும், முக்குளிப்போர் கருவிகளின் வளையங்களுக்கும் பூசுவது இதையே. திருவள்ளூரில் கடைசல் பிடித்துச் செய்யும் எபோனைட் பேனாக்களில், உடலுக்குள் நேரே மை ஊற்றி எழுதுகிறவர்கள் கசியாமலிருக்க மரையில் தடவுவதும் இதுவேயாதலால், அப்படிப்பட்ட பேனா உள்ள வீட்டில் தேவையான மசகு ஏற்கெனவே இருக்கும். வாங்கும்போது வேறு எண்ணெய் கலவாத தூய சிலிக்கோன்தானா என்பதைக் குப்பியின் மேல் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு: பிஸ்டனில் இருக்கும் வளையமே சிலிக்கோன் ரப்பரால் ஆனதென்றால், சிலிக்கோன் மசகு அதை ஊதவைத்துவிடும். சிலிக்கோன் எண்ணெய், கிரீஸைவிட நீர்த்தது. பரவுவது எளிது, ஆனால் விரைவாக மையோடு போய்விடும், அடிக்கட்டைக்குள்ளும் எளிதாக இறங்கும். பின்பக்க மரைகளுக்கு அது பொருந்தும். சுவருக்குக் கிரீஸே மேல். தெளிப்பானாக விற்கும் சிலிக்கோனில் கரைப்பான்கள் கலந்திருப்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் கைக்கெட்டும் பிற பொருள்களைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வாசலினும் தையல் இயந்திர எண்ணெயும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. இயற்கை ரப்பரை ஊதவைத்து இளக்கும். வாசலின் கோடை வெயிலில் சட்டைப்பையிலேயே இளகிவிடும். தேங்காயெண்ணெய் குளிரில் உறையும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் பிசினாகி, எந்த இறுக்கத்தைப் போக்க இட்டோமோ அதையே உண்டாக்கும். துரு நீக்கப் பயன்படும் டபிள்யூ.டி-40 தெளிப்பான் பாலிகார்பனேட் என்ற நெகிழிக்கு ஆகாது என்று அதைச் செய்கிறவர்களே எச்சரிக்கிறார்கள். ஒளி ஊடுருவும் பேனாக்கள் பலவும் அந்த நெகிழியால் ஆனவை. நூட்லர்ஸ் நிறுவனத்தின் ஈல் வரிசை மைகள், பிஸ்டனுக்கு மசகாகவும் உதவும்படி செய்யப்பட்டவை. நிப்பைக் கழற்ற அஞ்சுகிறவருக்கு அவை ஒரு மாற்று; ஆயினும் கிரீஸின் ஒரு தடவல் நீடிக்கும் அளவுக்கு அவற்றின் பயன் நீடிப்பதில்லை, நமக்குப் பிடித்த மையை விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கிறது.

பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. உத்தரவாதக் காலம் முடியாத விலையுயர்ந்த பேனாவை நாமே திறந்தால் அந்த உத்தரவாதத்தை இழக்க நேரிடலாம். பழைய பேனாக்களில் இது இன்னும் முக்கியம். பெலிக்கான் 100 போன்ற தொடக்ககாலப் பேனாக்களில் பிஸ்டன் தலை தக்கையால் ஆனது. தக்கை ஈரத்தில் விரிந்து சுவரை அணைத்திருக்கும். ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கிடந்தால் சுருங்கித் தூளாகும். அப்படிக் கிடந்த பேனாவின் குமிழைக் கழுவாமல், ஊறவைக்காமல் திருகினால் தக்கை கிழியும். முன்வாய் வழியாகத் தண்ணீர் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்துப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால், புதுத் தக்கையோ வேறு அடைப்போ வெட்டிப் பொருத்தத் தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும். செல்லுலாய்டு உடல் கொண்ட பழைய பேனாக்களுக்கும் இதுவே பொருந்தும்; சூட்டையும் கரைப்பானையும் அவை தாங்கா. அனுப்பும் செலவும் காத்திருக்கும் மாதங்களும் பெரிதாகத் தோன்றினாலும், மாற்றுப் பாகம் கிடைக்காத ஒரு பொருளை உடைப்பதோடு ஒப்பிட்டால் அவை சிறியவையே.

ஆக, ட்விஸ்பி போல் கருவியோடு விற்கப்படும் பேனாவைத் தயங்காமல் பின்பக்கம் திறக்கலாம். பெலிக்கானின் இன்றைய பேனாக்களுக்கும் லாமி 2000க்கும் முன்வாய் வழியே போதும். கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காலக்கெடு வைத்து மசகிடுவதையும் நான் ஏற்பதில்லை. நன்றாகக் கழுவிய பிறகும் பிஸ்டன் இறுக்கமாக ஓடினால் மட்டும் மசகிட்டால் போதும்; ஒரே மையை ஊற்றி எழுதும் பேனாவுக்கு இது அரிதாகவே தேவைப்படும், அடிக்கடி மை மாற்றுகிறவருக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை நேரலாம். எந்த வழியில் மசகிட்டாலும், உடனே மை ஊற்றாமல், முதலில் தண்ணீரை நிரப்பி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, நிப்பு கீழ்நோக்கி, ஆனால் எதையும் தொடாமல் இருக்கும்படி ஒரு குவளையில் இரவு முழுவதும் நிறுத்திவைக்க வேண்டும். காலையில் முன்வாயைச் சுற்றி ஈரம் கசிந்திருந்தால், அங்கே உள்ள மரை சரியாக அமரவில்லை என்று பொருள். பின்முனைக் குமிழைச் சற்றே திறந்து பார்த்து அங்கே ஈரமில்லை என்றால், பிஸ்டன் விளிம்பும் தன் வேலையைச் செய்கிறது. இரண்டும் சரியாக இருந்தால் தண்ணீரை வெளியேற்றிவிட்டு மை நிரப்பலாம்.